வர்க்கி அடுப்பில் வெந்த இன்ஜின் மூடி

குன்னூரில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பைக் கடந்தபோது பவுடர் பெயிண்ட் சூட்டில் உருகும் வாடை வந்தது. ஒரு காலத்தில் எங்கள் சமையலறை அப்படித்தான் நாறியது.

தேயிலை விலை சரிந்து ஃபேக்டரியை மூடியதும், அங்கே மெக்கானிக்காக இருந்த அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா பெட்டி மாதிரியான கரண்ட் அடுப்பில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் சுட்டு டீக்கடைகளுக்குக் கொடுத்தார். எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். அதைத் தொழில் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. பைக் இன்ஜின் மூடிகளுக்கு வீட்டிலேயே பவுடர் பெயிண்ட் ஏற்றுவதுதான் அவர் கண்டுபிடித்த தொழில். பவுடர் தூவிய முதல் மூடியைச் சூட்டில் உருக்க அம்மாவின் அடுப்புக்குள் வைக்கப் போனார்.

“ஏனுங்க, அதுல நான் வர்க்கி சுடோணுங்க.”

“அடுப்புக்கு வர்க்கி என்ன, இன்ஜின் மூடி என்ன? எல்லாஞ் சூடுதான்.”

உலோகத்தில் ஊறிய எண்ணெயை முதலில் போக்க வேண்டும். அப்பா துணியால் துடைத்ததோடு சரி. எண்ணெய் கசிந்து அடுப்புக்குள் கருகியது. பெயிண்ட் அம்மை போட்டதுபோலக் கொப்புளித்தது. அம்மா மூன்று நாள் தேய்த்தும் வாடை போகவில்லை.

“பெயிண்ட் நாத்தம் அடிக்குதுங்கறாங்கக்கா. இனி வேண்டாங்க” என்று டீக்கடைக்காரர் வர்க்கியைத் திருப்பித் தந்தார். மற்ற கடைகளும் நிறுத்தின. அம்மா கேத்தியில் கூலிக்குக் கேரட் கழுவப் போனார்.

தேயிலை விலைதான் குடும்பத்தைக் கவிழ்த்தது என்று வருகிறவர்களிடம் அப்பா இன்னமும் சொல்கிறார். அந்த மூடியை அடுப்பில் வைத்தது தேயிலை விலை அல்ல.