கால் எடுத்தால் நிற்கும் மெஷின்

அண்ணியின் கை சுவிட்ச்சின் மேலேயே இருக்கும். தொடக்கத்தில் அண்ணன், நாங்களே செய்த அந்த அரம் மெஷினை ஓட்டும்போதெல்லாம் கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்று, கட்டைவிரலைச் சுவிட்ச்சில் வைத்தபடி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பில் உலை பொங்கி வழிந்தாலும் நகர மாட்டார். "இன்னா இங்கியே நின்னுக்கினு கீற, போய் வேலைய பாரு" என்று அண்ணன் எரிந்து விழுவான். மோட்டார் ஓய்ந்த பிறகுதான் அவர் தோள்கள் மெல்ல இறங்கும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் அண்ணன் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தகட்டை வைத்துவிட்டுக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். ஒருநாள் கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சொந்த ஊரான திருப்புலிவனத்துக்கே திரும்பி வந்தவன், வெட்டிய இரும்புத் துண்டுகளை வாங்கி, ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவிக் கொடுக்கும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்தான். மிச்சமிருந்த விரல்களால் அரத்தை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். அண்ணி எண்ணெய் தடவிவிடுவார்.

நான் உத்திரமேரூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தேன். மேஜையில் ஒரு துளை, அதன் வழியாக அரம் நட்டுக்குத்தலாக நின்று தானே ஏறி இறங்கும், நாம் துண்டைப் பிடித்து அழுத்தினால் போதும் என்று ஒரு மெஷின் இருப்பது எனக்குத் தெரியும். பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து அதை நானும் அண்ணனும் செய்தோம். சொந்தமாக மெஷின் செய்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது. எங்கள் மெஷினின் அமைப்பைப் படமாக வரைந்து அதில் போட்டேன். அரத்தைக் கீழே மட்டும் பிடித்தால் ஆடும், மேலேயும் ஒரு பிடிமானம் கொடுங்கள் என்றார் ஓசூர்க்காரர் ஒருவர். அரம் ஏறும்போது துண்டையும் தூக்கி மேஜையில் அறைகிறதே என்று நான் கேட்டதற்கு, துண்டை அமுக்கிப் பிடிக்க ஒரு கம்பி வைக்கச் சொன்னார் இன்னொருவர். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, படத்தைத் திருத்தித் திரும்பப் போட்டேன். மெஷின் நன்றாக ஓட ஓட, அண்ணியின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

ஒருநாள் அவர் என்னிடம் வந்து நின்றார். "தம்பி, கை மாட்டிக்கினா அத எது நிறுத்தும்?"

"சுவிட்ச் இருக்குதே அண்ணி."

"மாட்டிக்கின கையோட எப்டிப்பா சுவிட்ச போடுவாரு? நான் இல்லாதப்போ?"

நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்: "கால வெச்சா அடிக்கிற மெஷினுதான் அவரு வெரல தின்னுச்சு. நீ கால எடுத்தா நிக்கிற மெஷினா பண்ணு."

தையல் மெஷின் மோட்டாருக்கு இருப்பதுபோல ஒரு பெடலை மாட்டினேன். மிதித்திருக்கும்வரை ஓடும், எடுத்தால் கரண்ட் நிற்கும். அண்ணன் முதலில் அதில் கால் வைக்கவே தயங்கினான். பிறகு மெல்ல மிதித்தான். காலை எடுத்த பிறகும் அரம் நான்கைந்து தடவை ஏறி இறங்கித்தான் ஓய்ந்தது. "கரண்ட் இல்லாம அது ஏன் ஓடுது?" என்றார் அண்ணி. அந்தக் கேள்விக்காகவே ஒரு சைக்கிள் பிரேக் கட்டையை வாங்கிவந்து, காலை எடுத்ததும் அது மோட்டாரின் சக்கரத்தைக் கவ்வும்படி ஸ்பிரிங் போட்டேன். அதற்குப் பிறகு காலோடு சேர்ந்து மெஷினும் நின்றது.

இந்தப் படத்தையும் குரூப்பில் போட்டேன். நிறைய பேர் பாராட்டினார்கள். சில வாரம் கழித்து, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் படத்தைப் பார்த்துத் தான் செய்த மெஷினை வீடியோ எடுத்து அனுப்பினார். எங்களைவிட அழகாகச் செய்திருந்தார். அண்ணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பெடலு எங்க?" என்றார். இல்லை. அமுக்கும் கம்பியும் இல்லை. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அரத்துக்குப் பக்கத்தில் விரல்களைக் கொண்டுபோனார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

பெடல் வைக்கச் சொல்லி நான் எழுதினேன். 'பழகிட்டா தேவைப்படாதுங்க' என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கினார். ஊர்ப் பெண்களோடு பேசவே கூச்சப்படுகிறவர். "எங்க பேசணும்?" என்று கேட்டுவிட்டுக் குரல் பதிவாகப் பேசினார்: "நைனா, நீ யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எங்க வூட்டுக்காரரும் பழகினவருதான். எட்டு வருசம் பழகினாரு. இப்போ சட்டப் பொத்தான் நான்தான் போட்டு வுடறேன். உன் வூட்டுல கீறவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அந்த மெஷின ஓட்டுப்பா."

அண்ணன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். பிறகு கொட்டகைக்குள் போய்விட்டான்.

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் "வந்துச்சா?" என்று அண்ணி கேட்பார். கேட்டுவிட்டார்கள் என்பதற்கான நீலக்குறி மட்டும் விழுந்திருந்தது. அந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார் அண்ணி. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். நாள் போகப் போக எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அந்தப் படம் நான் போட்டதுதானே.

பிறகு ஒரு மதியம் அந்த எண்ணிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அக்கா, நான் அவரு சம்சாரமுங்க. உங்க பேச்சக் கேட்டதும் ஒயரப் புடுங்கி ஒளிச்சு வெச்சுட்டேனுங்க. அவரு எங்கூடப் பேசறதில்லீங்க. அந்தப் பெடல எப்படி மாட்டறதுன்னு சொல்லுங்கக்கா." அண்ணி அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கொட்டகைக்குப் போய், பெடலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். நான் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் விஷயத்தில் அவர் தடுமாறியபோது அண்ணன் குனிந்து, சேர்ந்து சொன்னான்.

இப்போதும் அந்தப் படத்தைக் கேட்டு யாராவது எழுதுகிறார்கள். நான் உடனே அனுப்புவதில்லை. முதலில் அண்ணி அன்று பேசிய அந்தக் குரல் பதிவு போகிறது. அதைக் கேட்டுப் பதில் சொன்னவருக்குத்தான் படம். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறவர்களும் உண்டு. அண்ணி இன்னும் அவர்களைப் பற்றித்தான் என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.