அரக்கனின் கயிறு

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தில் இருந்த மூக்கனுக்குக் கோழி அறுக்க வராது. தீபாவளிக்குக்கூடப் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரனிடம் கோழியையும் கத்தியையும் கொடுத்துவிட்டு, தான் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய் அதன் அடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அப்பேர்ப்பட்ட ஆள்தான் பதினான்கு வருஷமாகத் தோட்டத்துக் கூத்தில் அரக்கன். வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருஷம் அந்த வேஷத்தை முதன்முதலாகக் கட்டினான். ஆறடி உயரம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முறுகிய தோள், மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். அவனை விட்டால் வேறு யாருக்குப் பொருந்தும்?

அந்தத் தோட்டத்தில் அரக்கன் சும்மா ஆடிவிட முடியாது. இடுப்பில் வடக்கயிறு கட்டி, பின்னால் ஓர் ஆள் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் அரக்கன் நிஜமாகவே ஆளுக்குள் இறங்கி யாரையாவது அடித்துவிடுவான் என்று நம்பினார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. அரிதாரத்தோடு அரக்கன் செய்த எதற்கும் யாரும் பின்னால் பிராது சொல்லக் கூடாது. இந்தச் சலுகையில் மூக்கன் கணக்கப்பிள்ளையின் தொப்பியை உதைத்திருக்கிறான், பெரிய கங்காணியை நாற்காலியோடு கவிழ்த்திருக்கிறான். மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் அவர்கள் இருவரும் முகத்தைச் சுளிக்காமல் அவனுக்கு வேலை கொடுத்தார்கள்.

கூத்தை எழுதிய புலவன் யாரோ, அவன்மேல் மூக்கனுக்கு ஒரு குறை இருந்தது. ராஜாவுக்கு நாலே பாட்டு, நாலும் நீதி சொல்லும் பாட்டு, சனங்கள் அந்த நேரத்தில் வெற்றிலை மடிக்கப் போய்விடுவார்கள். ரத்தம் கொதிக்கிற பாட்டெல்லாம் அரக்கனுக்கு. உலகத்துக் கெட்டதையெல்லாம் ஒருத்தன் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் சுத்தமாக உட்கார்ந்து பார்க்க வழிசெய்துவிட்டான் அந்த மனுஷன் என்று மனைவி மீனம்மாவிடம் சொல்வான். அவள் சோறு ஆறுகிறது என்பாள்.

பதினான்காவது வருஷம் தோட்டத்துத் தொழிற்சங்கம் இரண்டாக உடைந்தது. ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள் முறைத்துக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் வாய்ச்சண்டை கல்வீச்சானது. பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த மீனம்மாவுக்கும் சண்டைக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அவள் இடது கண்ணில் கல் பட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்தக் கண்ணை இழந்து திரும்பினாள். எறிந்தவன் அழகுமுத்து என்று தோட்டத்துக்கே தெரியும். எதிர்ச் சங்கத்துக்காரன், கூத்தில் ராஜா வேஷம் கட்டுபவன். போலீஸ் கேட்டபோது மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரை இரண்டு சங்கத்தாரையும் ஆபீஸ் முன்னால் நிறுத்தி, எல்லாரும் காட்டுமிராண்டிகள் என்று ஏசினார். அவர் பங்களாச் சுவரில் அவரே பொழுதுபோக்குக்குச் சுட்ட மரை மான்களின் தலைகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஆகவே காட்டுமிராண்டித்தனத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. விளக்கு வைத்தபின் கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கூத்து அம்மனுக்கு நேர்த்திக்கடன், நிறுத்த முடியாது. அதில் மட்டும் இரண்டு சங்கமும் ஒன்றாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஆடுவதென்று முடிவாயிற்று.

அதற்கு மூன்று நாள் முன்னால் மூக்கன் பழைய மலையில் பிடுங்கிப் போட்டிருந்த தேயிலை வேர்க்கட்டை ஒன்றைத் தூக்கிவந்தான். இரும்புக்குச் சமமான கட்டை. அதைச் செதுக்கிச் சிவப்பும் கறுப்புமாக வர்ணம் அடித்தான். பார்த்தால் வருஷா வருஷம் பிடிக்கும் காகிதக் கதாயுதம் மாதிரியே இருந்தது. விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். கயிறு பிடிப்பவன் மீனம்மாவின் அண்ணன் பழனியாண்டி. அவனைத் தனியே கூப்பிட்டான்.

"ராஜா கண்ண மூடிக் கும்புடுற எடத்துல கயித்த விட்டுரு மச்சான்."

பழனியாண்டி உடனே தலையாட்டினான். கண் போனது அவன் தங்கைக்குத்தானே.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கோயில் மைதானத்தில் ஒரு சங்கம் வலது பக்கம், மற்றது இடது பக்கம். மீனம்மா முன்வரிசையில், முக்காட்டை இடது கண்மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கன் முகம் முழுக்க விளக்குக்கரியும் செந்தூரமும் பூசி இறங்கினான். அன்று அவன் பாடிய பாட்டைக் கேட்டுக் குழந்தைகள் அழுதன. இடுப்பில் கயிறு விறைக்க, கால் மண்ணைக் கிளப்ப, அவனுக்குள் என்னவோ ஏறிக்கொண்டே போயிற்று. இது அரக்கன்தான், நானில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ராஜா மண்டியிட்டு, கண்ணை மூடி, அம்மனைக் கும்பிடும் இடம் வந்தது. அரக்கன் மூன்று தடவை அவன்மேல் பாய வேண்டும். மூன்று தடவையும் கயிறு அவனைப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு அம்மன் வந்துவிடுவாள். முதல் பாய்ச்சலில் கயிறு இழுத்தது. இரண்டாவதிலும் இழுத்தது. மூன்றாவதில் இழுப்பில்லை.

மூக்கன் தடுமாறி நாலடி முன்னால் போய் நின்றான். கைக்கெட்டும் தூரத்தில் அழகுமுத்துவின் குனிந்த கழுத்து. காகிதக் கிரீடம் நழுவி, பசை வழிந்து, பிடரியில் வியர்வை கோடு போட்டிருந்தது. மூடிய இமைகள் துடித்தன. கயிறு விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் அவன் கண்ணைத் திறக்கவில்லை, ஓடவுமில்லை.

மூக்கன் வேர்க்கட்டையை ஓங்கியபடியே தனக்குள் அரக்கனைத் தேடினான். காணவில்லை. பதினான்கு வருஷமும் பின்னால் இழுத்த கயிற்றின் தைரியத்தில்தான் முன்னால் பாய்ந்திருக்கிறான். இழுப்பு போனதும் சீற்றமும் போய்விட்டது. கோழி அறுக்க வராத மூக்கன் ஒருவன்தான் அங்கே ஒரு மரக்கட்டையோடு நின்றான். இப்போது அடித்தால் அடிப்பது அவன்தான், மூஞ்சியில் இருக்கும் கரி இல்லை.

கட்டையை மெதுவாக இறக்கினான். திரும்பினான். மண்ணில் கிடந்த கயிற்று நுனியைக் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, வாயைப் பிளந்து நின்ற பழனியாண்டியின் கையில் வைத்தான்.

"நல்லா புடி மச்சான்."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு வலது பக்கம் சிரித்தது, இடது பக்கம் சிரித்தது. தன்னைக் கட்டிய கயிற்றைத் தானே எடுத்துக்கொடுக்கும் அரக்கனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. சண்டைக்குப் பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். மூக்கன் மூன்றாவது பாய்ச்சலை முறைப்படி மறுபடியும் பாய்ந்தான், அம்மன் வந்தாள், அரக்கன் விழுந்தான். பதினான்கு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவன் செத்ததேயில்லை.

பீலியில் கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அழகுமுத்து கிரீடமில்லாமல் வந்து நின்றான்.

"கயிறு விழுந்தது கேட்டுச்சுண்ணே. அடிச்சா அடிக்கட்டும்னுதான் இருந்தேன். கல்ல எறிஞ்சது நாந்தான். அன்னிக்கி நா வேசம் எதுவும் கட்டல. என் கயித்த யாரும் விடவுமில்ல."

மூக்கன் தண்ணீரிலிருந்து விலகி நின்றான். அதைத் தன்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, பட்டவளிடம் போய்ச் சொல் என்று மட்டும் சொன்னான்.

அழகுமுத்து போய்ச் சொன்னான். மீனம்மா முழுக்கக் கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை.

"எடது பக்கம் எனக்குத் தெரியல, கொழுந்து விட்டுப்போயிருது. நாளையிலருந்து ஓம் பொண்டாட்டிய எனக்கு எடது நெரையில நிக்கச் சொல்லு. நா விட்டத அவ ஆஞ்சு என் கூடையில போடட்டும்."

அழகுமுத்துவின் மனைவி காளியாயி மறுநாளே இடது நிரையில் நின்றாள். பிறகு வந்த வருஷங்களிலும் நின்றாள். சங்கங்கள் இரண்டும் ஒன்றாகவில்லை. அதனாலொன்றும் குறைந்துவிடவில்லை, அந்த இரண்டு பெண்களும் அருகருகே கொழுந்தாய்ந்தார்கள்.

கூத்தன்று வீட்டுக்கு வந்ததும் மீனம்மா வர்ணம் அடித்த வேர்க்கட்டையை வாங்கி அடுப்பில் செருகினாள். மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு, அது காகிதமில்லை என்று மெல்லச் சொன்னான்.

"தெரியும். வெறகுக்குப் பின்னால வச்ச அன்னிக்கே பாத்தேன்."

பிறகேன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றான்.

"கோழி அறுக்க மாட்டாத மனுசன் என்னா செஞ்சிருவாருன்னுதான் இருந்தேன். ஆனாலும் மூணு நாளா கண்ண மூடலங்க." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தேயிலை வேர் லேசில் அணையாது. அந்த நெருப்பிலேயே இரண்டு தடவை பால் விடாத சாயத்தண்ணி வைத்துக் குடித்தார்கள்.