மூலைக் கட்டத்தில் நின்றவள்

அரசுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நின்று கைகளால் பேசுவாளே, அவள்தான். பிறவியிலேயே காது கேளாத தம்பியோடு வளர்ந்தவளுக்குச் சைகை மொழி தாய்மொழி மாதிரி. அச்சகத் தொழிலாளர் ஊர்வலத்துக்குப் போன அந்தத் தம்பியைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதன் பிறகு ஆளைக் காணோம். காவல் நிலையத்தில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்று ஒரே பாட்டு. கேள்வியே காதில் விழாதவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்து அடிப்பார்களே என்பதுதான் அவள் பயம்.

அன்று தொலைக்காட்சி நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. உலக நாடுகளின் மனித உரிமை அவைக்கு அவர்கள் நாடு தேர்வாகியிருந்தது. வெளியுறவு அமைச்சரின் பேச்சு நேரலை.

"கொஞ்சம் சிரிச்ச முகமா நில்லுங்கக்கா, நல்ல நாளு" என்றான் ஒளிப்பதிவாளன்.

சுதந்திரம், கண்ணியம் என்று அமைச்சர் அடுக்கினார். கைகள் பழக்கத்தில் ஓடின. பிறகு அவர் சொன்னார்: "எங்கள் சிறைகளில் விசாரணையின்றி ஒருவர்கூட இல்லை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அங்கே யாருக்கும் சைகையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் நாடு முழுக்கக் காது கேளாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் சொன்னதை அப்படியே சொன்னாள். சொன்ன கையோடு, "இது அவர் பேச்சு. என் தம்பியைப் பிடித்துப் போனார்கள். காது கேளாதவன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை" என்றும் சேர்த்துவிட்டு, ஓடிப்போய் அடுத்த வாக்கியத்தைப் பிடித்தாள்.

"கை என்னமா பறக்குது!" என்று தயாரிப்பாளர் பாராட்டினார்.

அதற்குப் பிறகு வாசலில் வண்டி நின்றாலே உயிர் போய் உயிர் வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா, "ஏம்மா, சாப்பாட்ட அளைஞ்சுகிட்டே இருக்க?" என்று கேட்டார்.

"வயிறு சரியில்லப்பா."

அதற்குள் யார் யாரோ அந்தக் காட்சியை எடுத்து, சைகையின் பொருளை எழுத்தில் சேர்த்து, எல்லை தாண்டி அனுப்பிவிட்டார்கள். அவையின் முதல் அமர்விலேயே வேறொரு நாட்டின் பிரதிநிதி எழுந்து, "அந்தப் பெண்ணின் தம்பி எங்கே?" என்று நேராகக் கேட்டுவிட்டார். விசாரித்துச் சொல்கிறோம் என்று அமைச்சர் உட்கார்ந்துவிட்டாராம்.

அவளுக்கு வேலை போனது. விசாரணை என்று ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அந்த வாரமே நீதிமன்றத்திலிருந்து போன்.

"காது கேக்காத கைதி ஒருத்தரக் கொண்டு வர்றோம். சைகை தெரிஞ்ச யாரக் கூப்பிட்டாலும் பயந்து வர மாட்டேங்கறாங்க. நீங்களே வாங்க."

போனாள். தம்பி பாதியாக இளைத்திருந்தான். வலது கையில் கட்டு. இடது கையை மட்டும் தூக்கி ஏதோ கேட்டான்.

"என்ன சொல்றாரு?" என்றார் நீதிபதி.

"அப்பா எப்படி இருக்காருன்னு கேக்கறான் ஐயா."

அன்றைக்கு விடுதலை கிடைக்கவில்லை. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் எந்தச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை நீதிபதி போலீஸாரை எல்லார் முன்னிலும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். அதை அவள் தம்பிக்குக் கைகளால் சொன்னாள். அவன் புரிந்தது என்று தலையசைத்தான்.