கண்ணாயிரம் பேசி முடித்த சமரசம்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் கண்ணாயிரத்துக்கு அமாவாசையில் நம்பிக்கை கிடையாது. அன்று தறி ஓடாது என்பதில் மட்டும் அசையாத நம்பிக்கை. 1969இல் அந்த விடுமுறைக் காலைகளில் தெருமுனைப் படிப்பகத்தில் அமெரிக்க அடிமைமுறையைப் பற்றிப் பேசிவந்தார். நெப்ராஸ்கா எங்கே இருக்கிறது என்று தெரிந்த மனிதருக்கு வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பார் மனைவி ஜெயம்மாள்.

வைகாசி அமாவாசையன்று கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். 1820இல் இப்படித்தான் கிழித்தார்களாம்: புதிதாகக் குடியேறும் நிலத்தில் கோட்டுக்கு வடக்கே அடிமை கூடாது, தெற்கே வைத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டு கழித்து இன்னொரு சமரசம்: தப்பியோடிய அடிமை வடக்கே அகப்பட்டாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் கான்சாஸ், நெப்ராஸ்கா நிலங்களில் குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். கான்சாசில் ரத்தம் ஓடியது.

"ஒவ்வொரு முறையும் இரண்டு தரப்பும் கைகுலுக்கின. அடிமையை மட்டும் யாரும் கேட்கவில்லை" என்று மேசையைத் தட்டினார்.

பின்வரிசையில் கலியன் எழுந்தார். முசரவாக்கத்துச் சேரியிலிருந்து சைக்கிளில் வந்து சாயப்பட்டறையில் வேலை செய்பவர்.

"ஒரு சந்தேகம்ணே. உங்க மாமனார் டீக்கடையில பேசி முடிச்சீங்களே, நான் பெஞ்சுல உக்காரலாம், அலுமினிய டம்ளர் மட்டும் தனின்னு. அது 1820ஆ, 1850ஆ? என்னையும் யாரும் கேக்கலியே."

கூட்டம் சிரித்தது. கண்ணாயிரமும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. அந்த ஏற்பாட்டை வெற்றி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். மாமனாரைப் பகைத்தால் ஆடிக்கு ஜெயம்மாள் தாய்வீடு போக முடியாதே என்ற பயம் அதற்குள் ஒளிந்திருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய பேச்சை அடுத்த அமாவாசைக்கு ஒத்திவைத்திருந்தார். போர் அதுவரை காத்திருக்கவில்லை.

கலியனை அழைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

"மாமா, ரெண்டு டீ. ரெண்டும் கண்ணாடி கிளாசுல."

"பேசினது பேசினபடி இருக்கட்டும் மாப்ளே."

"நான் பேசினதுதான் தப்பு."

மாமனார் ராமலிங்கம் ஊற்றித்தான் கொடுத்தார். கலியன் குடித்து வைத்ததும் அந்தக் கிளாசை எடுத்து எல்லார் முன்னாலும் சாக்கடைக் கல்லில் உடைத்தார். ஒரு மனிதனின் வாய் பட்ட குற்றத்துக்குக் கண்ணாடிக்கு மரண தண்டனை. ஆடிக்கு மாப்பிள்ளை வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கண்ணாயிரம் தறியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஜெயம்மாள் முழுவதையும் கேட்டார்.

"கடையில மொத்தம் எத்தினி கிளாஸ் இருக்குது?"

"முப்பது இருக்கும்."

"முசரவாக்கத்துல டீ குடிக்கிறவங்க எத்தினி பேரு?"

மறுநாள் காலை கலியனோடு எட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த நாள் பன்னிரண்டு. ராமலிங்கம் சளைக்காமல் உடைத்தார். மூன்றாம் நாள் மீதமிருந்த ஒன்பதைப் பார்த்தார். வாசலில் நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே கலியன் குடித்த கிளாசைத் தண்ணீரில் அலசி, மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார்.

ஆடிக்கு மகளுக்கு மட்டும் அழைப்பு வந்தது. ஜெயம்மாள் போய் விருந்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவுக்கு ஒரு டஜன் புதுக் கிளாஸ் கொடுத்துவிட்டு வந்தார்.