கூரைக்குத் தலை எது, கால் எது?

குட்ரூன் ட்வெய்ட்டுக்கு வேடிக்கை பார்ப்பது பிறவிக்குணம். தேவாலயத்தில் ஊரே கண்ணை மூடி ஜெபிக்கும்போது, இவள் மட்டும் கண்ணைத் திறந்து யார் தூங்குகிறார்கள் என்று பார்ப்பாள். அந்தக் கண்ணுக்கேற்ற வேலை முப்பத்தெட்டு வயதில்தான் வாய்த்தது. ஆண்கள் போருக்குப் போய்விட, வடக்கு டக்கோட்டாவின் சரக்கு ரயில் யார்டில் கோபுர ஜன்னலில் உட்கார்ந்து, கீழே உருளும் பெட்டிகளின் எண்ணைப் படித்து எழுத வேண்டும். பக்கவாட்டு எழுத்துகளைப் பனி அப்பி மறைத்துவிடும். கூரையைக் காற்றே பெருக்கிவிடும். அதனால் கூரையிலும் வெள்ளையில் எண் போட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். இல்லையென்றால் பழையபடி சலவைக்கடைதான். கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கருவாடு ஏற்றி வந்த 8906-ஆம் பெட்டி காணாமல் போனது. ஊர் முழுக்க நார்வேக்காரர்கள். கருவாடு இல்லாத கிறிஸ்துமஸா?

யார்டு அதிகாரி ஆர்வில் ஸ்கார் அவளைக் கூப்பிட்டார். மேஜையில் அவளை வேலையைவிட்டு நீக்கும் கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

"எங்கம்மா 8906? அவ்வளவு பெரிய பெட்டியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"அது வரவே இல்லைங்க." எதிரே உட்கார்ந்து தன் பட்டியலை விரித்தாள். "நீங்களே பாருங்க."

அவர் எதிர்ப்பக்கமிருந்தே எட்டிப் பார்த்து விரலை வைத்தார். "இதோ இருக்கே! எழுதி வெச்சுக்கிட்டே இல்லேங்கிறியே?"

விரலுக்குக் கீழே அவள் பார்த்தது 9068. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். அவளால் முடியுமா?

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க."

முணுமுணுத்தபடி வந்தார். 9068. திரும்பப் போனார். 8906. இரண்டு தடவை மேஜையைச் சுற்றினார்.

"கூரைக்குத் தலை எது, கால் எதுங்க? பெட்டி திரும்பி நின்னிருக்கு. நான் தலைகீழா படிச்சு, 9068-ன்னு ஒதுக்குத் தண்டவாளத்துக்கு அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான்."

ஸ்கார் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். ஒதுக்குத் தண்டவாளத்தில் பெட்டிக் கதவைத் திறந்ததும் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, வாசனையே சொல்லிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தக் கடிதத்தைத் தனக்குத் தலைகீழாகத் திருப்பி வைத்து உற்றுப் பார்த்தார்.

"எனக்கு ஒரு எழவும் புரியல. உனக்கு எதாவது தெரியுதா?"

எதிரே இருந்த அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் நேராகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குட்ரூன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலைங்க."

"அப்போ பெயின்ட் டப்பாவை எடுத்துக்கிட்டு மேல ஏறு. எண்ணுக்கு அடியில ஒரு கோடு போடு. எல்லாப் பெட்டிக்கும்."