கப்பலில் தமிழ் பேசாதவர்

ஐம்பதுகளில், ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த என்னை, மாதிரிச் சரக்கோடு முதலாளி லண்டனுக்குக் கப்பலேற்றினார். கப்பலில் என் அறையைக் கவனித்துக்கொண்டவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு, கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் வருவார். இந்துஸ்தானிதான் பேசுவார். பம்பாய்க்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் அவருக்குக் கவரில் இனாம் வைத்துத் தர வேண்டும், அதுதான் கப்பல் வழக்கம் என்றார்கள். எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. பயணம் முழுக்க எனக்கு அதே பேஜார். கவரில் ஒரு நோட்டை வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன்.

இறங்குகிற அன்று காலை என் பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்தவர், கட்டைவிரலால் தோலை மடக்கி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தார். தோல் கம்பெனியில் வேலை பார்த்த கைக்குத்தான் அது வரும். தினமும் செய்திருப்பார், கவர் யோசனையில் நான்தான் கவனிக்கவில்லை.

“இன்னாங்க, நீங்க ஆம்பூர் பக்கமா?” என்றேன்.

தயங்கினார். “பேர்ணாம்பட்டு சார்.”

ஆம்பூருக்குப் பக்கத்து ஊர்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவரைப் பாக்கெட்டில் திணித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “நல்லவேளை! ஊர்க்காரருக்குப் போய் இனாம் குடுக்க இருந்தேனே!”

“இதுக்குத்தான் சார், கப்பல்ல நான் தமிழே பேசறதில்ல” என்று சிரித்தபடி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

படியிறங்கும் வரை என் கை பாக்கெட்டுக்குள் அந்தக் கவரைப் பிடித்தபடியே இருந்தது. இனிமேல் கொடுப்பது மரியாதையா, கொடுக்காமல் இருப்பது மரியாதையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவர் அடுத்தவர் பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.