விலாசம் கொடுத்தவர்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் மூன்றாவது முறையாக என் விலாசத்தைக் கேட்டார். தொடை எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்த எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த எங்கள் குடிசையை அரசாங்கம் எடுத்து, வீட்டாரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட பிறகு நான் அங்கே தங்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீன் வண்டி, லாரி, கல்யாண மண்டபச் சமையல்கட்டு என்று கிடைத்த வேலைக்குப் போய், வேலை நடக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்வேன். பெயின்ட் மேஸ்திரிதான் குனிந்து தன் அகதி முகாமின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னார். உறவு என்ன என்று கேட்டதற்கு 'அண்ணன்' என்றார். கூட வந்த பெயின்டர் அப்போதும் சும்மா இருக்கவில்லை. "இன்னா மேஸ்திரி, கோட்டூர்புரத்துக்காரனை சிலோன்காரனா ஆக்கிட்ட?"

அபிராமபுரத்தில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். சாரத்தில் நான் போடும் ஒவ்வொரு கயிற்று முடிச்சையும் மேஸ்திரி இழுத்துப் பார்த்த பிறகுதான் யாரும் ஏற வேண்டும். அன்று அவர் வருவதற்குள் ஏறிவிட்டேன். முடிச்சு அவிழ்ந்து விழுந்தேன். தவறு முழுக்க என்னுடையது.

மறுநாள் காலை எனக்கு ஆபரேஷன். அதே காலையில் அவர் முகாமில் ஆள் கணக்கெடுப்பு. மாதாமாதம் அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடுவார்கள்; ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ரேஷன் இல்லை, அந்த ஓர் அறை வீடும் நிச்சயமில்லை. முகாம் நான்கு மணி நேர பஸ் தூரம். எங்கே வேலை செய்தாலும் முதல் நாளே கிளம்பிவிடுவது அவர் வழக்கம். "நீ கெளம்பு மேஸ்திரி, பேரு பூடும்" என்றேன். "விசர்க் கதை கதையாதை. படு," என்று அதட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்தபோதும் அங்கேதான் இருந்தார்.

சீட்டில் எழுதிய விலாசத்துக்கே என்னைக் கூட்டிப்போனார். வேறு எங்கே போவது? அந்த ஓர் அறையில் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் மகளும் தரையில் படுத்தார்கள். அவர் அடிக்கடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் காகிதங்களோடு தாலுகா ஆபீசுக்குப் போவதைப் பார்த்து, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியிடம் கேட்டேன். பெயரை அடித்துவிட்டார்கள் என்றார். நான் கட்டுப் போட்ட என் காலைப் பார்த்தேன். "பேரைத் திருப்பி எழுதுவிக்கலாம் தம்பி. காலை எழுதுவிக்கேலுமோ?" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தார். பெயர் திரும்ப எட்டு மாதம் ஆனது. அதற்குள் நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

அகதிகளை ஒரு நாடு ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் படித்தவர்கள் பெரிய காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். படகில் வந்த மேஸ்திரியை அன்றைக்குக் கரையிலேயே திருப்பியிருந்தால் என் தலைமாட்டில் ஆள் இருந்திருக்காது. வருகிறவர் நாளைக்கு யாருக்கு என்ன ஆவார் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. தெரியாமலேதான் கதவைத் திறக்க வேண்டும். அவர் எனக்கு ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் திறந்தது சரிதான். வீடு போனவனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை நான் ஆற்றோரத்திலேயே பார்த்துவிட்டேன்.

இப்போது கே.கே. நகரில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். போன வாரம் டீக்கடையில் ஆட்டோக்காரர் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஜனத்தையே தூக்கி ஊருக்கு வெளிய போட்டானுங்க. இதுல வெளியூருலேர்ந்து வர்றவனுக்கு இன்னாத்துக்கு நைனா எடம்?" அந்தக் கோபம் எனக்குப் புரியும். "என் குடிசையப் பிரிச்சது வெளியூர்க்காரன் இல்லண்ணே" என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து பெயர் திரும்பிய கதை வரைக்கும் சொன்னேன். அவர் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். டீ ஆறிப்போனது.

அந்த நேரத்துக்கு, முகாமுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிய மேஸ்திரி தோளில் பையோடு வந்தார். "இவருதாண்ணே. நாளைக்குக் கணக்கெடுப்பு" என்றேன். மேஸ்திரி எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, தனக்கும் சொல்லலாமா என்று மணி பார்த்தார். ஆட்டோக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"டீயெல்லாம் அப்புறம் மேஸ்திரி. ஏறு வண்டில. பஸ்ஸை வுட்டீன்னா மறுபடி பேர அடிச்சிருவானுங்க."